எஸ்டிபியிலேர்ந்து வர்ற நைட்ரஸ் ஆக்சைடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், அதாவது எல்லாரும் சொல்ற எஸ்டிபி, அதுல பிராசஸ் பக்கம் வேலை பாக்குறேன். ஆபரேட்டருங்க, அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரங்க, ப்ராஜெக்ட் பண்ற காலேஜ் பசங்க, கார்பன் ரிப்போர்ட் எழுதுற கன்சல்டன்ட்டுங்கன்னு யார்கிட்ட பேசினாலும் இந்த வாயுவப் பத்தி அதே பத்து இருபது சந்தேகம்தான் சுத்தி சுத்தி வருது. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் எழுதி ஒரே இடத்துல வெச்சிருக்கேன். முதல் நாலஞ்சு கேள்வி தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

மேடம், சாக்கடையச் சுத்தம் பண்ணா தண்ணிதானே வெளிய வரும், வாயு எங்கேர்ந்து வருது?

தண்ணில இருக்குற நைட்ரஜன்லேர்ந்து. நாம சாப்பிடுற பருப்பு, முட்டை, மீன்ல இருக்குற புரோட்டீன் செரிச்சு கடைசில யூரியாவா மூத்திரத்துல போகுது, சாக்கடைக் குழாய்க்குள்ளயே அது அம்மோனியாவா மாறிடும். பிளான்ட்டுக்கு வர்ற தண்ணில லிட்டருக்கு 30லேர்ந்து 50 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்குறது சாதாரணம். இத அப்படியே ஆத்துலயோ ஏரியிலயோ விட்டா மீன் சாகும், பாசி மண்டும். அதனால பாக்டீரியாவ வெச்சு ரெண்டு கட்டமா எடுக்குறோம். முதல்ல காத்து குடுத்து அம்மோனியாவ நைட்ரைட்டாவும் நைட்ரேட்டாவும் மாத்துறது, அதுக்குப் பேரு நைட்ரிஃபிகேஷன். அப்புறம் காத்து இல்லாத டேங்க்ல, அனாக்சிக் டேங்க்னு சொல்றோமே அங்க, அந்த நைட்ரேட்ட நைட்ரஜன் வாயுவா மாத்தி விடுறது, அது டீநைட்ரிஃபிகேஷன்.

நைட்ரஜன் வாயுவால ஒரு கெடுதலும் இல்ல, நாம மூச்சு விடுற காத்துல 78 சதவீதம் அதுதான். ஆனா போற வழியில ஒரு சின்னப் பங்கு நைட்ரஸ் ஆக்சைடா நழுவிடுது. இந்தப் பக்கம் முழுக்க அந்தச் சின்னப் பங்கப் பத்திதான்.

நைட்ரஸ் ஆக்சைடுன்னா ஆபரேஷன் தியேட்டர்ல குடுக்குற சிரிப்பு வாயுதானே? பிளான்ட்ல நிக்கிறவங்களுக்கு மயக்கம் வராதா?

அதே வாயுதான். ஆனா காத்து குடுக்குற திறந்தவெளி ஏரேஷன் டேங்க் பக்கத்துல நிக்கிற ஆளுக்கு அது மயக்கம் வர்ற அளவுக்குக் கிட்ட கூட வராது, நிறமும் கிடையாது, வாசனை வெச்சு கண்டுபிடிக்கவும் முடியாது.

பிளான்ட்ல உயிரை எடுக்குறது ஹைட்ரஜன் சல்பைடு. கூடவே மேன்ஹோல், கலெக்‌ஷன் டேங்க் மாதிரி மூடின இடத்துல மீத்தேன், ஆக்சிஜன் இல்லாமை. இந்த உயிர் ஆபத்தையும் நைட்ரஸ் ஆக்சைடையும் குழப்பிக்கவே கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு பத்திப் பேசுறது பூமியோட சூட்டுக்காக, டேங்க்ல இறங்குற ஆளோட உயிருக்கு தனியா கேஸ் மீட்டர், காத்தோட்டம், மேல நிக்க இன்னொரு ஆள், எல்லாம் கட்டாயம் வேணும். மனுஷன இறக்காம மெஷின வெச்சு செய்ய முடிஞ்சா அதுதான் சரி.

இத்துனூண்டு வாயுவுக்கு ஏன் இவ்ளோ பேச்சு?

ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருஷக் கணக்குல 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஐபிசிசி, அதாவது ஐநாவோட பருவநிலை மாற்றக் குழு, அதோட ஆறாவது அறிக்கையில இருக்குற நம்பர் இது, பழைய ரிப்போர்ட்ல 265, 298னு பாத்திருப்பீங்க, அதெல்லாம் முந்தின அறிக்கைகளோடது. ஒரு தடவ மேல போச்சுன்னா நூறு வருஷத்துக்கு மேல அங்கயே இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல 270 பிபிபி (நூறு கோடியில 270 பங்கு) இருந்தது 2023ல 336 பிபிபிய தாண்டிடுச்சு. இதுல பெரிய பங்கு விவசாயத்துல போடுற உரத்தோடது, கழிவுநீரோட பங்கு சின்னதுதான்.

இன்னொன்னும் இருக்கு. ஓசோன் படலத்தையும் இது அரிக்கும். சிஎஃப்சி வாயுக்கள மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்தின பிறகு, இப்ப மனுஷன் வெளிய விடுறதுல ஓசோனுக்கு அதிகக் கெடுதல் பண்றது நைட்ரஸ் ஆக்சைடுதான்னு 2009லயே ரவிசங்கராங்குற விஞ்ஞானியும் கூட இருந்தவங்களும் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ஒப்பந்தத்துல இது இல்ல.

சரி, நைட்ரிஃபிகேஷன்ல வருதா, டீநைட்ரிஃபிகேஷன்ல வருதா? ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கு.

ரெண்டுலயும். மூணு வழி இருக்கு, இத நல்லாப் புரிஞ்சிக்கிட்டா பின்னாடி வர்ற பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

முதல் வழி. நைட்ரோசோமோனாஸ் மாதிரி பாக்டீரியா அம்மோனியாவ நேரா நைட்ரைட் ஆக்குறதில்ல, நடுவுல ஹைட்ராக்சிலமீன்னு ஒண்ணு வருது. அம்மோனியா திடீர்னு அதிகமா வந்து பாக்டீரியா வேகமா ஓட வேண்டி வந்தா அந்த இடத்துலேர்ந்து கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு கசியும். ரெண்டாவது வழி, அதே பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் பத்தலேன்னா, தான் உருவாக்கின நைட்ரைட்டையே ஆக்சிஜனுக்குப் பதிலா பயன்படுத்தி நைட்ரஸ் ஆக்சைடு ஆக்கிடும். அத அடுத்து நைட்ரஜன் வாயுவா மாத்துற என்சைம் அதுகிட்ட கிடையாது, அதனால அங்கயே நின்னுடும். நிஜமான பிளான்ட்டுங்கள்ல அதிகமா மாட்டுறது இந்த ரெண்டாவது வழிதான்.

மூணாவது, டீநைட்ரிஃபிகேஷன். நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசில நைட்ரஜன்னு ஒவ்வொரு படியா இறங்கணும். கடைசிப் படிக்கான என்சைம் ரொம்ப சென்சிட்டிவ். ஆக்சிஜன் பட்டா நிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருந்தா நிக்கும், பிஎச் இறங்கினா மந்தமாகும், வேலை செய்ய காப்பர் வேணும். ஆனா அந்தக் கடைசிப் படி ஒழுங்கா ஓடுச்சுன்னா வேற இடத்துல உருவான நைட்ரஸ் ஆக்சைடையும் சேத்து சாப்பிட்டுடும், அதனால நல்லா ஓடுற அனாக்சிக் டேங்க் ஒரு பாதுகாப்பு.

அனாக்சிக் டேங்க்லயும் உருவாகுதுன்னா எல்லாரும் ஏன் ஏரேஷன் டேங்க் மேல மட்டும் மீட்டர் வெக்கிறாங்க?

இந்த வாயு தண்ணில நல்லாக் கரையும், கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு. அனாக்சிக் டேங்க்ல மிக்சர் மெதுவாத்தான் சுத்துது, குமிழி இல்ல, அதனால அங்க உருவானது தண்ணிக்குள்ளயே கரைஞ்சு கெடக்கும். நிறைய பிளான்ட்ல அனாக்சிக் டேங்க் முன்னாடி இருக்கும், ஏரேஷன்ல உருவான நைட்ரேட்ட பம்ப் வெச்சு அங்க திருப்பி விடுவாங்க. அந்தத் தண்ணி ஏரேஷன் டேங்குக்குள்ள வந்ததும் டிஃப்யூசர்லேர்ந்து வர்ற குமிழி அத்தனையும் அத வாரிக்கிட்டு மேல போயிடும், கோலி சோடாவ உடைச்ச மாதிரி. வெளிய வர்ற இடம் ஒண்ணு, உருவான இடம் வேறயா இருக்கலாம். கன்சல்டன்ட் ரிப்போர்ட்ல ஏரேஷன்ல பீக் வந்துச்சு அதனால நைட்ரிஃபிகேஷன்தான் காரணம்னு எழுதியிருந்தா, அனாக்சிக் டேங்க் தண்ணில கரைஞ்சிருந்தது எவ்ளோன்னு கண்டிப்பா கேளுங்க.

ஒரு பிளான்ட்ல எவ்ளோ வரும், சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க?

ஐபிசிசி 2019ல திருத்தி வெளியிட்டதுல ஏரோபிக் பிளான்ட்டுக்கான எமிஷன் ஃபேக்டர் 0.016. உள்ள வர்ற நைட்ரஜன்ல 1.6 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடா போகும்னு அர்த்தம். ஒரு 10 எம்எல்டி பிளான்ட் (எம்எல்டின்னா ஒரு நாளைக்கு பத்து லட்சம் லிட்டர்), லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜன்னு வெச்சா ஒரு நாளைக்கு 400 கிலோ நைட்ரஜன் உள்ள வருது. அதுல 1.6 சதவீதம் 6.4 கிலோ. இது நைட்ரஜன் எடை, வாயுவோட எடைக்கு மாத்த 44ஐ 28ஆல வகுத்து பெருக்கணும், 10 கிலோ வரும். அத 273ஆல பெருக்குங்க, ஒரு நாளைக்கு சுமார் 2.7 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அந்த 44/28 பெருக்கல நிறைய பேரு விட்டுடுறாங்க, ரிப்போர்ட்ல முதல்ல அதத்தான் பாக்கணும்.

ஒப்பிட்டுப் பாக்க கரண்ட். அதே பிளான்ட் கிலோலிட்டருக்கு 0.4 யூனிட் எடுத்தா நாளைக்கு 4000 யூனிட், நம்ம கிரிட்ல யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 0.7 கிலோன்னு பிடிச்சா 2.8 டன். கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவும் மாசா மாசம் பில் வர்ற கரண்டும் கிட்டத்தட்ட சமம்! அதுவும் நம்ம கிரிட் நிலக்கரி கிரிட். கரண்ட் சுத்தமா இருக்குற நாட்டுல இந்த வாயு கரண்ட விடப் பல மடங்கு பெருசா நிக்கும்.

இந்த 1.6 ஒரு சராசரி, அவ்ளோதான். டென்மார்க்ல பல பிளான்ட்ட அளந்து தங்களுக்குன்னு 0.84 சதவீதம்னு வெச்சாங்க. ஒரே மாதிரி டிசைன் உள்ள ரெண்டு பிளான்ட்லயே பத்து மடங்கு வித்தியாசம் வரலாம்.

எங்க பழைய ரிப்போர்ட்ல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 3.2 கிராம்னுதான் இருக்கு, அது தப்பா?

அது 2006 ஐபிசிசி வழிகாட்டில இருந்த நம்பர். அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல டர்ஹாம்ங்குற ஊர்ல ஒரே ஒரு பிளான்ட்ல அளந்து 1995ல வெளியான ஆய்வுலேர்ந்து வந்தது. நைட்ரஜன எடுக்கணும்னு டிசைன் பண்ணாத பிளான்ட் அது, தொடர்ச்சியா மீட்டர் வெச்சும் அளக்கல. உள்ள வர்ற நைட்ரஜன்ல 0.035 சதவீதம்தான் அதுல வந்துச்சு. இப்ப இருக்குற 1.6ஓட வெச்சுப் பாருங்க, நாப்பது மடங்குக்கு மேல வித்தியாசம். பத்து வருஷத்துக்கு மேல உலகம் பூரா பிளான்ட்டுங்க அந்த ஒத்த நம்பர வெச்சு எங்ககிட்ட நைட்ரஸ் ஆக்சைடே கிடையாதுன்னு எழுதிட்டு இருந்துச்சு. இன்னும் சில டெம்ப்ளேட் எக்செல்ல அது ஒளிஞ்சிட்டு இருக்கு, பாத்தா உடனே மாத்திடுங்க.

ஒரு வாரம் லேப்லேர்ந்து வந்து அளந்துட்டுப் போனா பத்தாதா?

பத்தாது. இதுக்கு ரெண்டு நல்ல உதாரணம் இருக்கு. நெதர்லாந்துல ரோட்டர்டாம் பக்கத்துல கிராலிங்ஸ்வேர்னு ஒரு பிளான்ட், டேங்க் எல்லாம் மூடி போட்டது, அதனால வெளிய வர்ற மொத்தக் காத்தையும் பிடிச்சு அளக்க முடிஞ்சுது. 2010லேர்ந்து 2012 வரைக்கும் பதினாறு மாசம் விடாம ஓட்டினாங்க. வந்த சராசரி, உள்ள வர்ற நைட்ரஜன்ல 2.8 சதவீதம். அந்த பிளான்ட்டோட மொத்த கார்பன் தடத்துல முக்கால் பங்கு இந்த ஒரு வாயுதான். ஆனா மாசத்துக்கு மாசம் அது இருந்த வித்தியாசம் பயங்கரம், சில மாசம் ஒண்ணுமே இல்லாத மாதிரி, சில மாசம் எகிறும். தப்பான வாரத்துல போய் அளந்திருந்தா சுத்தமான பிளான்ட்னு சர்டிஃபிகேட் குடுத்துட்டு வந்திருப்போம்.

ரெண்டாவது ஹெல்சிங்கில இருக்குற வீக்கின்மாக்கி. பாறையக் குடைஞ்சு பூமிக்கு அடியில கட்டின பிளான்ட், உள்ள இருக்குற காத்து பூரா ஒரே புகைபோக்கி வழியா வெளிய போகுது, அதுல மீட்டர் வெச்சா பிளான்ட் மொத்தமும் வந்துடும். அங்க வந்தது 1.9 சதவீதம். திறந்தவெளி பிளான்ட்ல மிதக்குற ஹூட் வெச்சு ஒரு சதுர மீட்டர் ரெண்டு சதுர மீட்டர்தான் அளக்குறோம், மீதிய ஊகிக்கிறோம், அதனாலதான் இந்த ரெண்டு பிளான்ட்டோட டேட்டாவுக்கு இவ்ளோ மதிப்பு.

ஒரு நாளுக்குள்ளயும் மாறும். காலையில எல்லாரும் குளிச்சு முடிச்சு அந்த லோடு பிளான்ட்டுக்கு வந்து சேர்ற நேரம் அம்மோனியா ஏறும், அத ஒட்டி வாயுவும் ஏறும். மத்தியானம் மூணு மணிக்கு ஒரு சாம்பிள் எடுத்து அத 24ஆல பெருக்குறதெல்லாம் கணக்கே இல்ல.

கரண்ட் மிச்சம் பண்ண டிஓவ 2லேர்ந்து 0.7க்கு இறக்கிட்டோம், சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

ரொம்ப முக்கியமான கேள்வி, எனர்ஜி ஆடிட் முடிச்சிட்டு வர்ற எல்லாரும் கேக்குறாங்க. டிஓன்னா தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு சொல்றது. அத இறக்கினா காத்து அடிக்கிற புளோயரோட கரண்ட் குறையும், நிஜம்தான். ஆனா நாலாவது கேள்வியில சொன்ன ரெண்டாவது வழி ஞாபகம் இருக்குல்ல, ஆக்சிஜன் பத்தாத இடத்துலதான் அது கெளம்பும்.

அதே 10 எம்எல்டி பிளான்ட்ட எடுங்க. கரண்ட்ல பத்து சதவீதம் மிச்சம்னா 400 யூனிட், 280 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே சமயம் எமிஷன் 1.6லேர்ந்து 1.8 சதவீதம் ஆச்சுன்னா என்ன ஆகும்? கூடுதலா 0.8 கிலோ நைட்ரஜன், 1.26 கிலோ வாயு, 273ஆல பெருக்கினா 340 கிலோவுக்கு மேல. மிச்சம் பண்ணது பூரா போச்சு, மேல அறுபது கிலோ கடன். வெறும் 0.2 சதவீத மாற்றம் இது, மீட்டர் இல்லாத பிளான்ட்ல யாருக்கும் தெரியக்கூட தெரியாது. டிஓவ குறைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, குறைஞ்ச டிஓல வருஷக்கணக்கா நிதானமா ஓடி பாக்டீரியா பழகின பிளான்ட்டுங்க நல்லாவே ஓடுது. திடீர்னு இறக்குறது, அதுவும் நைட்ரைட்ட பாக்காம இறக்குறது, அதுதான் ஆபத்து.

அப்போ காத்த நல்லா ஏத்தி விட்டுட்டா முடிஞ்சுதா?

இல்ல. அதிகக் காத்துன்னா அந்த ஆக்சிஜன் ரீசைக்கிள் பம்ப் வழியா அனாக்சிக் டேங்குக்குத் திரும்பிப் போகும், அங்க கடைசிப் படி என்சைம் நின்னுடும். குமிழி அதிகமானா கரைஞ்சிருக்குறத வாரிக்கிட்டுப் போறதும் அதிகம். கரண்ட் வேற வீண். வேணுங்குறது லோடுக்கு ஏத்த காத்து, அம்மோனியா ஏறும்போது ஏறி இறங்கும்போது மெதுவா இறங்குற மாதிரி.

எங்க அபார்ட்மெண்ட்ல எஸ்பிஆர் டேங்க். அதுல வேற மாதிரியா?

எஸ்பிஆர்ல எல்லாமே ஒரே டேங்க்ல, நேரத்த வெச்சுப் பிரிச்சு நடக்குது: நிரப்பு, காத்து, படிய விடு, மேல் தண்ணிய எடு. காத்து நிக்கிற நேரத்துல தண்ணில நைட்ரஸ் ஆக்சைடு சேர்ந்துட்டே இருக்கும், மேல ஒண்ணும் தெரியாது. புளோயர் ஸ்டார்ட் ஆகுது, முதல்ல டேங்க் நடுவுல ஒரு புடைப்பு எழும்பும், பழுப்பு நுரை ஓரத்துக்கு ஒதுங்கும், அந்த முதல் சில நிமிஷத்துல மீட்டர் செங்குத்தா ஏறி கொஞ்ச நேரத்துல இறங்கிடும். ஒரு சைக்கிள்ல வெளிய போறதுல பெரிய பங்கு அந்தச் சின்ன ஜன்னல்லயே போயிடும். அதுக்கப்புறம் வர்றது பெரும்பாலும் அப்பப்போ புதுசா உருவாகுறது.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் இருக்குற நிறைய அபார்ட்மெண்ட்ல ராத்திரி சத்தம் தாங்கலன்னு புளோயர மணிக்கணக்கா நிறுத்திட்டு காலையில போடுறாங்க. அப்படிப் பண்ணா அம்மோனியா சேரும், காலையில பாக்டீரியாவுக்கு ஒரேயடியா லோடு, ஆக்சிஜன் பத்தாது, நைட்ரைட் ஏறும், மூணு வழியும் ஒண்ணா திறந்துக்கும். புளோயர் ரூமுக்கு சத்தம் அடக்குற வேலை செஞ்சிட்டு, காத்த சின்னச் சின்ன இடைவெளியில பிரிச்சுக் குடுக்குறது எவ்ளோவோ மேல்.

ஐரோப்பா டேட்டா எல்லாம் குளிர் நாடு, நம்ம ஊர் சூட்டுக்கு இது பொருந்துமா?

நேரடியா எடுத்து ஒட்ட முடியாது. அங்க குளிர்காலக் கடைசில, வசந்தத்துல பீக் வர்றது நிறைய பிளான்ட்ல பாத்திருக்காங்க, நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா குளிர்ல தடுமாறி நைட்ரைட் தேங்குறதோட அது சேந்து வருது. நம்மகிட்ட அந்தக் குளிர் கிடையாது.

ஆனா நம்மகிட்ட வேற சிக்கல். தண்ணி 28, 30 டிகிரின்னா அம்மோனியாவ நைட்ரைட் ஆக்குற கூட்டம், நைட்ரைட்ட நைட்ரேட் ஆக்குற கூட்டத்த விட வேகமா வளரும். இத வேணும்னே பயன்படுத்தி நைட்ரைட்ல நிறுத்துறதுதான் நெதர்லாந்துக்காரங்க கண்டுபிடிச்ச ஷாரன்ங்குற பிராசஸ், அது முப்பது டிகிரிக்கு மேலதான் ஓடும். ஸ்லட்ஜ் வயசு, அதாவது பாக்டீரியா சேறு டேங்க்ல தங்குற நாள், அத நல்லா நீளமா வெச்சிருக்குற பிளான்ட்ல ரெண்டாவது கூட்டம் கழுவிட்டுப் போகாம நிக்கும். ஸ்லட்ஜ அதிகமா எடுத்துட்டு, டிஓவையும் இறக்கி, மே மாச வெயில்ல ஓட்டினா நைட்ரைட் தேங்குறதுக்கு எல்லா வழியும் இருக்கு. இன்னொன்னு, சூட்டுல குழாய்லயே சாக்கடை அழுகி கறுப்பா, சல்பைடோட வந்து சேருது. சல்பைடு கடைசிப் படி என்சைம என்ன பண்ணும்னு மேல சொல்லியிருக்கேன். நம்ம ஊர் பிளான்ட்டுங்கள்ல வருஷம் பூரா தொடர்ச்சியா அளக்கணும்னு நான் பாக்குறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டே இருக்குறது இதுக்குத்தான்.

கார்பன் பத்தலேன்னா வெல்லம் கரைச்சு ஊத்தலாமா அக்கா?

டீநைட்ரிஃபிகேஷன் பண்ற பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கார்பன். சிஓடிக்கும் (தண்ணில இருக்குற கரிமக் கழிவோட அளவு) நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் நாலுக்குக் கீழ இறங்கினா படிகள் பாதியில நிக்க ஆரம்பிக்கும், நைட்ரைட்டும் நைட்ரஸ் ஆக்சைடும் தேங்கும். அப்ப மெத்தனால், அசிட்டேட்னு வெளிய இருந்து கார்பன் போடுறது வழக்கம், சின்ன பிளான்ட்ல வெல்லம் போடுறதையும் பாத்திருக்கேன்.

வேலை செய்யும். ஆனா எங்க ஊத்துறோம்ங்குறது முக்கியம். ஏரேஷன் டேங்க்ல ஊத்தினா அது ஆக்சிஜனத் தின்னுட்டு டிஓவ இறக்கிடும், பிரச்சனைய நாமளே கூட்டின மாதிரி. அனாக்சிக் டேங்க்ல, கொஞ்சம் கொஞ்சமா சொட்டு மாதிரி விடணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, உள்ள வர்ற சாக்கடையில இருக்குற கார்பன நீங்களே ஏரேஷன்ல எரிச்சு வீணாக்குறீங்களா? உள்ள வர்ற அந்தச் சாக்கடைய நேரா அனாக்சிக்குக்கு திருப்பினாலே பாதி இடத்துல வெல்லமே வேணாம்.

காத்தே வேணாம், யுஏஎஸ்பி, செப்டிக் டேங்க்னு போயிட்டா இந்த வாயு வராதுல்ல?

ஆமா, செப்டிக் டேங்க் மாதிரியே யுஏஎஸ்பியும் காத்து இல்லாம ஓடுற டேங்க்தான், அங்க நைட்ரிஃபிகேஷன் நடக்காது, ஐபிசிசி கணக்குல ரெண்டுக்குமே பூஜ்யம்தான். ஆனா அம்மோனியா அப்படியே வெளிய போகுது, போற இடத்துல அது மாறும். செப்டிக் டேங்க் தண்ணிய மண்ணுல விட்டா அந்த மண்ணுக்கே ஐபிசிசி 0.45 சதவீதம் குடுக்குது. மீத்தேன் தனி. யுஏஎஸ்பியில மீத்தேன பிடிச்சாலும் தண்ணில கரைஞ்சு வெளிய போறது ஒரு கணிசமான பங்கு. வாயுவ ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாத்தி கணக்க சுத்தமாக் காட்டுறதுல எனக்கு உடன்பாடில்ல.

இவ்ளோ பிரச்சனைன்னா சுத்தம் பண்ணாம ஆத்துல விடுறதே மேல் போலயே?

தயவு செஞ்சு இந்த முடிவுக்கு மட்டும் வராதீங்க. ஆத்துக்குப் போற நைட்ரஜனுக்கு ஐபிசிசி சாதாரணமா 0.5 சதவீதம் போடுது, ஆனா ஆக்சிஜன் செத்த, சாக்கடை மண்டின தண்ணின்னா அது 1.9 சதவீதம், பிளான்ட்ட விட அதிகம். நம்ம அடையாறுலயே ஆறும் முகத்துவாரமும் நைட்ரஸ் ஆக்சைடையும் மீத்தேனையும் வெளிய விடுறத அளந்து 2008ல ஆய்வு வந்திருக்கு. அதுக்கு மேல வயித்துப்போக்கு, டைஃபாய்டு, செத்த மீன்.

மத்திய மாசுக் கட்டுப்பாடு வாரியத்தோட 2021 கணக்குப்படி நம்ம நாட்டு நகரங்கள்ல 72,368 எம்எல்டி சாக்கடை உருவாகுது, நிஜமா சுத்தமாகுறது 20,200 எம்எல்டி சொச்சம்தான். மீதியில பெரும்பங்குக்கு இனிமேதான் பிளான்ட் கட்டணும். கட்டும்போதே இத யோசிச்சுக் கட்டினா பின்னாடி உடைக்க வேண்டியதில்ல.

சாக்கடையிலேர்ந்து வர்ற கார்பன் டை ஆக்சைட பயோஜெனிக்னு சொல்லி கணக்குல விட்டுடுறோம், இதையும் விடலாமே?

முடியாது. கார்பன் டை ஆக்சைட விடுறதுக்குக் காரணம், அந்த கார்பன் போன வருஷம் நெல்லோ கடலையோ காத்துலேர்ந்து எடுத்ததுதான், திரும்பிப் போகுது. நைட்ரஸ் ஆக்சைடு அப்படி இல்ல, செடி அத எடுத்துக்கிட்டு வளரல. உள்ள போனது அம்மோனியா, வெளிய வந்தது புதுசா உருவான ஒரு வாயு. மூலம் சாப்பாடா இருந்தாலும் கணக்குல முழுசா வரும்.

அனமாக்ஸ் வெச்சா நைட்ரஸ் ஆக்சைடே வராதுன்னு வெண்டர் சொல்றாரு, நம்பலாமா?

பாதி நிஜம். அனமாக்ஸ் பாக்டீரியா அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சேத்து நேரா நைட்ரஜன் வாயு ஆக்கும், அதோட பாதையில நைட்ரஸ் ஆக்சைடு கிடையாது. ஆனா அதுக்கு வேணுங்குற நைட்ரைட்ட யாரு தர்றது? நாலாவது கேள்வியில பாத்த அதே நைட்ரோசோமோனாஸ் கூட்டம், அதுவும் குறைஞ்ச ஆக்சிஜன்ல, நைட்ரைட் நிறைய இருக்குற தண்ணில. ரோட்டர்டாம்ல டோக்ஹாவன் பிளான்ட்ல 2002ல ஓட ஆரம்பிச்ச முதல் முழு அளவு அனமாக்ஸ்ல அளந்தப்ப, நைட்ரைட் உருவாக்குற டேங்க்ல 1.7 சதவீதம், அனமாக்ஸ் டேங்க்ல 0.6 சதவீதம் வந்துச்சு. கரண்ட்டும் கார்பனும் நல்லாவே மிச்சமாகும், டைஜஸ்டர்லேர்ந்து (ஸ்லட்ஜ காத்தில்லாம செரிக்க வெக்கிற டேங்க்) வர்ற அம்மோனியா நிறைஞ்ச தண்ணிக்கு அது அருமையான பிராசஸ். வராதுன்னு எழுதிக் குடுத்தா மட்டும் கையெழுத்து போடாதீங்க.

மொத்த நைட்ரஜன் 10க்குள்ள இருக்கணும்னு ஆர்டர் போட்டுட்டாங்க, அப்போ இந்த வாயு ஏறத்தானே செய்யும்?

2019 ஏப்ரல்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல பிஓடி (பாக்டீரியா சிதைக்கிற கழிவோட அளவு) 10, மொத்த நைட்ரஜன் 10னு சொன்னதுக்கு அப்புறம் நிறைய டெண்டர்ல அந்த நம்பர்தான். பயப்பட வேண்டாம். பாதி நைட்ரிஃபிகேஷன் பண்ணிட்டு தள்ளாடுற பிளான்ட்தான் அதிகமா வாயு விடும். நைட்ரஜன முழுசா, நிதானமா எடுக்குற பிளான்ட்ல நைட்ரைட் தேங்காது, அனாக்சிக் டேங்க் நல்லா ஓடும், வாயுவும் குறையும். அதாவது தண்ணித் தரமும் இந்த வாயுவும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் நிக்குது. அதுக்கு டேங்க் அளவு சரியா இருக்கணும், பழைய டேங்க்லயே புளோயர மட்டும் மாத்திட்டு 10 கொண்டு வரணும்னா கஷ்டம்தான்.

மேல மூடி போட்டு அந்த வாயுவ எரிச்சிட்டா?

மீத்தேன் மாதிரி இது எரியாது, ரொம்ப அதிக சூட்டுலயோ கேட்டலிஸ்ட் வெச்சோதான் உடைக்கணும். ஏரேஷன் டேங்க்லேர்ந்து வர்ற காத்துல இது ரொம்ப நீர்த்துப் போய் இருக்கும், அவ்ளோ காத்தையும் சூடு பண்ண ஆகுற எரிபொருள் ஒரு பெரிய கேள்வி. டைஜஸ்டர் தண்ணிக்கான சின்ன டேங்க்ல, செறிவு அதிகமா இருக்குற இடத்துல யோசிக்கலாம்.

நம்மள கேக்க சட்டம் ஏதாவது இருக்கா?

ஐரோப்பிய யூனியன் 2024ல திருத்தின நகரக் கழிவுநீர் சட்டத்துல, பத்தாயிரம் பேருக்குச் சமமான லோடும் அதுக்கு மேலயும் உள்ள பிளான்ட்டுங்க நைட்ரஸ் ஆக்சைடு உட்பட பசுமைக்குடில் வாயுக்களக் கண்காணிக்கணும்னு வந்திருக்கு. நம்ம டிஸ்சார்ஜ் கன்சென்ட்ல, அதாவது தண்ணிய வெளிய விட மாசுக் கட்டுப்பாடு வாரியம் தர்ற அனுமதியில, கேக்குறது பிஓடி, சிஓடி, டிஎஸ்எஸ் (தண்ணில மிதக்குற துகள்), நைட்ரஜன் மாதிரி தண்ணிக் கணக்குதான்.

சென்சார் லட்சக்கணக்குல ஆகும், எங்ககிட்ட காசு இல்ல. நாங்க என்னதான் பண்றது?

நைட்ரைட்ட அளங்க. ஸ்ட்ரிப்போ டெஸ்ட் கிட்டோ போதும், விலை ரொம்பக் கம்மி. ஏரேஷன் டேங்க் கடைசி முனையில, லோடு உச்சத்துல இருக்குற நேரத்துல, தினமும் ஒரே நேரம். கூடவே அம்மோனியா, டிஓ, பிஎச், எல்லாத்தையும் லாக் புக்ல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. வழக்கமா பூஜ்யத்த ஒட்டி இருக்குற நைட்ரைட் ஏறி அங்கயே நிக்க ஆரம்பிச்சா ஏதோ மாறியிருக்கு: டிஃப்யூசர் அடைச்சிருக்கலாம், ஸ்லட்ஜ அதிகமா எடுத்திருக்கலாம், பிஎச் இறங்கியிருக்கலாம். ஒரு மில்லிகிராம் அம்மோனியாவ மாத்த ஏழு மில்லிகிராமுக்கு மேல அல்கலினிட்டி (பிஎச் இறங்காம தாங்குற காரத்தன்மை) செலவாகும், மென்மையான தண்ணி வர்ற இடத்துல பிஎச் அதனாலயே சரியும். டைஜஸ்டர் தண்ணிய ஒரே ஷிஃப்ட்ல திறந்து விடாம 24 மணி நேரத்துக்குப் பரப்பி விடுறதும் செலவில்லாத வேலை, லோடு திடீர்னு குதிக்காது.

நைட்ரைட் பூஜ்யம்னா அப்போ நிம்மதியா இருக்கலாமா?

முழுசா இல்ல. முதல் வழி, அந்த ஹைட்ராக்சிலமீன் கசிவு, நைட்ரைட் தேங்காமயே நடக்கும். அனாக்சிக்ல கார்பன் பத்தாம நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் தேங்குறதும் நைட்ரைட் ஸ்ட்ரிப்ல தெரியாது. நைட்ரைட் ஏறினா ஏதோ கோளாறுன்னு நம்பலாம், ஏறலேன்னா கோளாறே இல்லன்னு நம்ப முடியாது.

அதனால பெரிய பிளான்ட் வெச்சிருக்குறவங்க, மாநகராட்சியோ குடிநீர் வாரியமோ, ஒரு பிளான்ட்லயாவது தண்ணில கரைஞ்சிருக்குற நைட்ரஸ் ஆக்சைட அளக்குற சென்சார் ஒண்ணு அனாக்சிக் கடைசில, ஒண்ணு ஏரேஷன் நடுவுல போட்டு முழுசா ஒரு வருஷம், வெயில் காலம் மழைக் காலம் ரெண்டும் உள்ளடக்கி ஓட்டணும். சென்சார வாராவாரம் துடைச்சு கேலிப்ரேட் பண்ண ஒரு ஆள் பேர ரோஸ்டர்ல எழுதி வெச்சிட்டு ஆரம்பிங்க, இல்லேன்னா மூணாவது மாசம் அதுல படிஞ்ச பாசியத்தான் அளந்துட்டு இருக்கும்.